நீட்டிய கை

அத்தியாயம் 9

சீதாலெட்சுமிக்கு அன்று காலையிலிருந்தே யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. யாரை என்பதுதான் முடிவாகவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் சங்கக் கட்டடத்தின் மாடி மண்டபம் நிறைந்திருந்தது. நீதிமன்ற ஊழியர்கள், போலீஸ்காரர்கள், சிறைக் காவலர்கள் எல்லாரும் மடியில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சம்பல் சட்டையில் படாமல் சாப்பிடுவதில் மும்முரமாக இருந்தார்கள். பின்னால் சுவரில் பெரிய பதாகை. புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறவர்களிடம் நீதித்துறை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதில் மலாயில் எழுதியிருந்தது. பல வருஷங்களாக அந்தப் பதாகைக்கு முன்னால் நின்று பாடம் நடத்துகிறவள் சீதா.

அவளுடைய சொந்தத் தம்பி கிள்ளானில் போலீஸ் காவலில் இருந்தான்.

போன வாரம் பார்த்தோம். சுகுமாறனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. மணி பார்க்கத் தெரியாது. பத்து ரிங்கிட்டுக்கும் ஐம்பது ரிங்கிட்டுக்கும் நிறத்தை வைத்துத்தான் வித்தியாசம் சொல்வான். சாப்பாட்டுக் கடையில் கிளாஸ் கழுவுகிறான். யார் என்ன உதவி கேட்டாலும் முகம் மலர்ந்து ஓடுவான். அப்படித்தான் எவனோ ஒருவன், இந்த மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு வா, மைலோ வாங்கித் தருகிறேன் என்றான். சுகு தள்ளினான். வழியில் ரோந்து வண்டி வந்தது. கூட வந்தவன் எந்தச் சந்தில் மறைந்தானோ தெரியாது. மைலோவும் வரவில்லை.

அது திருட்டு வண்டி. காவல் நிலையத்தில் எல்லாவற்றையும் தானே செய்ததாகச் சுகு ஒப்புக்கொண்டுவிட்டான். இன்று அவனை நீதிமன்றத்தில் நிறுத்திக் குற்றச்சாட்டை வாசிக்கப் போகிறார்கள். செய்தாயா என்று கேட்பார்கள். வழக்கறிஞர் பக்கத்தில் இருந்தாலும் அந்தப் பதிலை அவன் வாயால்தான் சொல்ல வேண்டும். ஆமாம் என்று சொன்னால் சிறை. சுகு யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழகாதவன்.

இந்த நிலையில் சீதா இங்கே நின்று, ஒலிபெருக்கி சரியாக வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கத் தலைவி குணபூசணி பட்டுப்புடவையில் வந்தார். பெரிய பள்ளியொன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் யாரைப் பார்த்தாலும் வீட்டுப்பாடம் செய்துவிட்டாயா என்று கேட்கிற முகம். கையிலிருந்த நிகழ்ச்சி நிரலில் ஒரு பகுதியைப் பேனாவால் அடித்திருந்தார்.

"டத்தோ மத்தியானம் வாறார். பின்னேரப் பகுதியை இந்த முறையும் விட்டிடுவம், சீதா. படம் எடுத்து, சான்றிதழைக் குடுத்து அனுப்பிவிடுவம்."

"அதுதான் மேடம் முக்கியமான பகுதி."

"உமக்கு எல்லாமே முக்கியம்தான். வந்த மனுசரைக் காத்திருக்க வைக்கேலுமே?"

அந்த மத்தியானப் பகுதியைச் சீதாதான் எழுதினாள். பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. ஒருவர் ஆமாம் என்று சொன்னால் அதோடு நிறுத்தாதே, அதையே மாற்றிக் கேள், நடக்காத ஒன்றையும் கேட்டுப் பார், அதற்கும் ஆமாம் என்றால் எந்த ஆமாமையும் நம்பாதே, பேனாவை மூடி வை. அவ்வளவுதான். காலைப் பகுதியில் அன்பாக இருக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். பக்கத்தில் உட்கார், தண்ணீர் கொடு, குரலை உயர்த்தாதே, சின்னச் சின்னக் கேள்வியாகக் கேள். அது எல்லாருக்கும் பிடித்திருந்தது. அன்பாக இருப்பதைப் படம் எடுக்கவும் வசதி. மாற்றிக் கேட்கும் பாடம்தான் ஒவ்வொரு முறையும் டத்தோ பட்டம் வாங்கிய ஏதாவது ஒரு பிரமுகரின் காலடியில் போய் விழுந்தது.

ஒவ்வொரு முறையும் சீதா முணுமுணுத்தாள். ஒவ்வொரு முறையும் சான்றிதழ்களில் கையெழுத்தும் போட்டாள்.

கைப்பேசி அதிர்ந்தது. வழக்கறிஞர் சிவேந்திரன், குணபூசணியின் தங்கை மகன், சட்ட உதவிக்காகச் சம்பளமில்லாமல் ஓடுகிறவன். வழக்கு மதியத்துக்குத் தள்ளிப்போயிருப்பதாகவும், முடிந்தால் உடனே வரும்படியும் செய்தி அனுப்பியிருந்தான்.

கிள்ளானுக்குப் போகிறேன் என்றாள் சீதா. சிவேந்திரன்தான் அங்கே நிற்கிறானே, நீர் போய் அழுது என்ன ஆகப்போகிறது என்று குணபூசணி கேட்டார்.

"அழப் போகல, மேடம்."

மேசைமீது சான்றிதழ்கள் அடுக்காகக் கிடந்தன. பயிற்சியாளர் கையெழுத்துக்கு இடம் விட்டு அச்சிட்டவை. சீதா அவற்றைத் தாண்டிப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் கிளம்பும் நேரத்தில் ஏறினாள். உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கோபம் குறைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஒரு வாரமாக அவளை நிமிர்த்தி வைத்திருப்பது அந்தக் கோபம்தான். தம்பியை விசாரித்த அந்த அதிகாரியை அவள் பார்த்ததில்லை. ஆனால் மனத்துக்குள் அவனுக்கு ஒரு முரட்டு மீசை வைத்து, தொப்பை வைத்து, மேசையைக் குத்துகிற ஒரு கையும் கொடுத்திருந்தாள். அந்தக் கையோடு தினமும் சண்டை போட்டாள்.

நீதிமன்ற வாசலில் அப்பா அய்யாவு காத்திருந்தார். கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற நீலச் சட்டை. பையிலிருந்து ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலம் எட்டிப் பார்த்தது. வாழ்நாளெல்லாம் லோரி ஓட்டிய மனிதர், இப்போது முழங்கால் வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. ஒரு வாரமாக அதைக் காணோம்.

காலையில் வண்டியிலிருந்து இறக்கும்போது நல்ல மனசுள்ள காவலர் ஒருவர், மகனோடு கொஞ்சம் பேச விட்டாராம். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், நீ கவலைப்படாதே என்றார். என்ன சொன்னீர்கள் என்று சீதா கேட்க வாயெடுத்தபோது, பின்னாலிருந்து யாரோ அக்கா என்று கூப்பிட்டார்கள்.

இளைஞன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் கோப்பு. எங்கேயோ பார்த்த முகம்.

"என்னை ஞாபகம் இல்லயாக்கா? பிரவின். போன வருஷம் உங்க கோர்ஸுக்கு வந்தேன். நாற்காலியெல்லாம் தூக்கி வச்சேனே."

ஞாபகம் வந்தது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன். தேநீர் இடைவேளையிலும் வந்து சந்தேகம் கேட்டவன். இப்படி ஒருவன் வந்தால் போதும் என்று அன்று மனத்துக்குள் மெச்சியதும் ஞாபகம் வந்தது.

"இங்க என்ன வேலை?" என்று கேட்டாள்.

அவன் கோப்பைத் திருப்பிக் காட்டினான். மேலே தம்பியின் பெயர் இருந்தது. சீதா ஒரு வாரமாக மனத்துக்குள் வளர்த்த மீசையும் தொப்பையும் அந்தக் கணத்தில் காணாமல் போயின. கோபம் மட்டும் போக இடமில்லாமல் நின்றது.

உங்கள் தம்பி என்று இன்று காலையில்தான் தெரிந்தது என்றான் பிரவின். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகப் பேசினான்.

"சத்தியமா சொல்றேன்க்கா, ஒரு தடவகூட நான் கத்தல. கொஞ்சம் ஸ்லோன்னு பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியேதான் பண்ணேன். பக்கத்துல உக்காந்தேன், தண்ணி கொடுத்தேன். சின்னச் சின்னக் கேள்வியா கேட்டேன். நீயா எடுத்தன்னு கேட்டா, யா துவான்னான். நீயா பூட்ட உடைச்சன்னு கேட்டா, யா துவான்னான். தனியாத்தான் செஞ்சியான்னு கேட்டேன், அதுக்கும் யா துவான்."

மூன்று கேள்விக்கும் ஆமாம் ஐயா என்ற ஒரே மலாய்ப் பதில். "அப்புறம் மாத்திக் கேட்டியா?" என்றாள் சீதா.

"மாத்தியா?"

"மத்தியானம் ஒரு பாடம் இருந்துச்சே, பிரவின்."

அவன் யோசித்தான். பாவம், உண்மையாகவே யோசித்தான். "மத்தியானம் சாப்பிட்டதும் போட்டோ எடுத்தோம்க்கா. சான்றிதழ் கொடுத்தாங்க. அதோட போயிட்டோம்லா."

இவன் தம்பியை அடித்திருந்தால் சீதாவுக்கு வழி தெரியும். புகார் எழுதலாம், வழக்குப் போடலாம், பத்திரிகைக்குப் போகலாம். இவன் அன்பாக இருந்திருக்கிறான். அவள் கற்றுக்கொடுத்த பாதிப் பாடத்தை ஒரு குறை இல்லாமல் செய்து, தம்பியைத் தண்ணீர் கொடுத்துச் சிறை வாசலுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறான்.

பிரவின் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னான். "ஒவ்வொரு தடவையும் யா துவான்னு சொல்லிட்டு ரெண்டு கையையும் நீட்டினான்க்கா. வெலங்கு போடச் சொல்றான்னு நெனச்சேன். தப்ப ஒத்துக்கிறான் போலன்னு ரொம்பப் பாவமா இருந்துச்சு."

சீதா அப்பாவின் பையிலிருந்து எட்டிப் பார்த்த பொட்டலத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் வெலங்கு கேக்கல, பிரவின். மிட்டாய் கேட்டிருக்கான்."

அது அவர்கள் வீட்டு விளையாட்டு. வெகுகாலத்துக்கு முன்னால் டெங்கில் பக்கம் ஒரு சாலைத் தடுப்பில் அய்யாவுவின் லோரியை நிறுத்தினார்கள். நான் என்ன தப்பு செய்தேன் என்று அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்குக் கிடைத்த அறையில் ஒரு பல் போயிற்று, லாக்கப்பில் ஓர் இரவும் போயிற்று. திரும்பி வந்தவர் மனைவியிடம்கூட அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. மகனுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பழைய தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, குரலைக் கட்டையாக்கி, மலாயில் கேள்வி கேட்பார். எங்கே போகிறாய், நீதானா, ஏன் இங்கே நிற்கிறாய். சுகு நிமிர்ந்து நின்று, எது கேட்டாலும் யா துவான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நீட்டிய கையில் ஒரு கடலை மிட்டாய் விழும்.

சுகுவுக்கு அந்த விளையாட்டு உயிர். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். சீதாவும் சிரித்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் இதைப் பற்றிப் பாடம் நடத்துகிறவளுக்குத் தன் வீட்டுக் கூடத்தில் நடந்தது கண்ணில் படவில்லை.

அப்பாவின் முன்னால் போய் நின்றாள். வாசலில் கூட்டம் இருந்தது. அவளுக்கு அது பொருட்டாக இல்லை.

"நீங்கதான்பா இத அவனுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க. வருஷக்கணக்கா மிட்டாய் கொடுத்து, குத்தத்த ஒத்துக்கச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க."

அய்யாவு தலை குனிவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நிமிர்ந்தார்.

"அவன் முதுகப் பாத்தியா? ஒரு தழும்பு இருக்கா? இந்த ஊரு ஸ்டேஷனுக்குள்ள போன நம்ம புள்ளைங்க எத்தன பேரு எப்படி வெளிய வந்தாங்கன்னு உனக்குத் தெரியாதா? என் மகன் ஒரு அடி வாங்காம வந்து நிக்கிறான். அது உன் கோர்ஸாலயா, நான் சொல்லிக் கொடுத்ததாலயா?"

அவர் சொன்னதில் உண்மை இருந்ததே சீதாவை இன்னும் எரித்தது. உடம்பில் கீறல் இல்லாமல் முழுசாகத்தான் சிறைக்குப் போகப் போகிறான் என்றாள்.

"போக மாட்டான். அதான் காலையில மாத்திச் சொல்லிக் கொடுத்துட்டேனே."

"என்னத்த மாத்தி?"

"தீடாக், துவான்." அய்யாவு மலாயில் இல்லை என்கிற அந்தச் சொல்லை மந்திரம் மாதிரி மெதுவாகச் சொன்னார். "இன்னிக்கு யார் என்ன கேட்டாலும் தீடாக்னு சொல்லு, வீட்டுக்குப் போயிரலாம், மிட்டாயும் உண்டுன்னு சொன்னேன். நாலஞ்சு தடவ கேட்டுப் பாத்தேன். நல்லாப் புடிச்சிக்கிட்டான்."

யார் என்ன கேட்டாலும். சீதா நீதிமன்றக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளிருந்து சுகுமாறன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

சுகு குற்றவாளிக் கூண்டில் நின்றான். கைகளில் விலங்கு, காலில் ஜப்பான் சிலிப்பர், ஒரு வாரத் தாடி. அப்பாவைப் பார்த்ததும் அவன் முகம் விடிந்தது. மேலே ஓர் இளம்பெண் மாஜிஸ்திரேட் உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் நிதானமாக வாசித்துவிட்டு, புரிந்ததா என்று கேட்டார்.

"தீடாக், துவான்," என்றான் சுகு உரத்த குரலில்.

மாஜிஸ்திரேட் பெண் என்பதால் புவான் என்று சொல்லும்படி ஒரு காவலர் காதருகே கிசுகிசுத்தார். அப்பா சொல்லிக் கொடுத்தது துவான்தான். சுகு காவலரை இரக்கத்தோடு பார்த்தான்.

மறுபடி வாசித்தார்கள், இன்னும் எளிமையாக. மறுபடி தீடாக். அரசுத் தரப்பு அதிகாரி எழுந்து, இவன் நடிக்கிறான் என்றார். காவல் நிலையத்தில் எல்லாக் கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொன்னவன், வழக்கறிஞர் வந்ததும் ஒன்றும் புரியாத வேஷம் போடுகிறான் என்றார். சிவேந்திரன் மாற்றுத்திறனாளி அட்டையை நீட்டினான். அந்த அதிகாரி சளைக்கவில்லை. இவன் தனியாக பஸ் ஏறுகிறான், வேலை பார்க்கிறான், விசாரித்த அதிகாரியோ இப்படிப்பட்டவர்களைக் கையாளத் தனிப்பயிற்சி பெற்றவர் என்று சொல்லி, ஒரு காகிதத்தை மேலே அனுப்பினார்.

பின்வரிசையிலிருந்தே சீதாவுக்கு அந்தக் காகிதத்தின் தங்க நிறக் கரை தெரிந்தது. அதன் அடியில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்பதும் தெரியும்.

நீங்களே இவனிடம் இரண்டொரு கேள்வி கேட்டுப் பாருங்கள் என்றான் சிவேந்திரன். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். நேராகச் சுகுவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதே நிதானத்தோடு தமிழில் சொன்னார்.

"உன் பெயர் சுகுமாறனா?"

"தீடாக், துவான்."

யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நீ இன்றைக்குச் சாப்பிட்டாயா?"

"தீடாக், துவான்."

மாஜிஸ்திரேட் பார்வையாளர் வரிசையைக் காட்டினார். "அங்கே நீலச் சட்டை போட்டிருக்கிறாரே, அவர் உன் அப்பாவா?"

சுகு திரும்பினான். அய்யாவுவைப் பார்த்தான். ஒரு வாரமாகப் பார்க்காத முகம், காலையில் கொஞ்ச நேரம் மட்டும் கிடைத்த முகம். சுகுவின் கண், கன்னம் எல்லாம் சிரித்தன. ஒரு தவறும் வந்துவிடக் கூடாதென்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான்.

"தீடாக், துவான்."

சொல்லிவிட்டு, விலங்கு போட்ட இரண்டு கைகளையும் சேர்த்து உள்ளங்கை மேலே தெரிய, அப்பாவை நோக்கி நீட்டினான்.

அய்யாவுவின் கை தானாகப் பைக்குள் போயிற்று. பாதியில் நின்றது. சாலைத் தடுப்பில் பல் போன அன்று அழாத மனிதர், வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். சுவரோரம் நின்ற பிரவின் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தலை குனிந்துகொண்டான்.

இவன் சொல்கிற ஆமாமையும் என்னால் பதிவு செய்ய முடியாது, இல்லையையும் பதிவு செய்ய முடியாது என்றார் மாஜிஸ்திரேட். நாளைக் காலை மீண்டும் எடுப்பதாகச் சொன்னார். அதன் பிறகுதான் ஜாமீனா, அல்லது பேராக்கில் உள்ள மனநல மருத்துவமனைக்குக் கண்காணிப்புக்கு அனுப்புவதா என்பது முடிவாகும். தெரியாத ஊர், தெரியாத ஆட்கள், வாரக்கணக்கில். யார் என்ன சொன்னாலும் செய்கிற சுகு.

மாஜிஸ்திரேட் அந்தப் பயிற்சிச் சான்றிதழைத் தூக்கிக் காட்டினார். இந்தப் பயிற்சியில் உண்மையில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று தமக்குத் தெரிய வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டார்.

சீதா எழுந்து நின்றாள்.

"நான்தான். இவன் என் தம்பி."

அரசுத் தரப்பு அதிகாரி உதட்டோரம் சிரித்தார். அக்காள் சாட்சி சொன்னால் யார் நம்புவார்கள் என்கிற சிரிப்பு. மாஜிஸ்திரேட்டுக்கும் அது புரிந்தது. குடும்பத்தில் இல்லாத, பொறுப்பான ஒருவர் சங்கத்திலிருந்து நாளைக்கு வர வேண்டும் என்றார். அப்படிப் பொறுப்பானவர் சங்கத்தில் ஒருவர்தான் இருந்தார்.

வெளியே வந்ததும் சீதா குணபூசணியைக் கைப்பேசியில் அழைத்தாள். பின்னணியில் கைதட்டல் கேட்டது. டத்தோ வந்திருக்க வேண்டும்.

நாளைக்கு நீங்கள் கிள்ளானுக்கு வர வேண்டும் என்று சொல்லி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மத்தியானப் பாடம் போன வருஷம் நடக்கவே இல்லை, அதற்கு முன்பும் நடக்கவில்லை, நடக்காமலே சான்றிதழ் கொடுத்தோம் என்று நீதிமன்றத்தில் உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்றாள்.

குணபூசணி குரலைத் தாழ்த்தினார். "என்ன கதைக்கிறீர் எண்டு விளங்குதோ? அப்பிடிச் சொன்னா, இவ்வளவு காலமும் நாங்கள் குடுத்த சான்றிதழ் எல்லாம் பொய்யெண்டு ஆகும்."

"பொய்தான், மேடம். இன்னிக்குக் கொடுக்கப் போறதும் பொய்தான். நான் அதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

"கையெழுத்தா? அதை நான் போட்டுட்டன். டத்தோ குடுத்துக்கொண்டிருக்கிறார்."

மறுபடியும் கைதட்டல் கேட்டது. இணைப்பு அறுந்தது. நாளைக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சீதா கைப்பேசியைச் சுவரில் எறியப் போனாள். அப்போது பின்பக்கக் கம்பிக் கதவு திறந்தது. அன்றைய கைதிகளை வண்டிக்கு நடத்திக்கொண்டு வந்தார்கள். சுகு கடைசியில் வந்தான்.

"அப்பா, சரியாச் சொன்னேன்ல?"

அய்யாவு கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சரியாச் சொன்னடா, அய்யா."

"மிட்டாய்?"

காவலர் கூடாது என்று தலையசைத்தார். பிரவின் அவர் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். காவலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அய்யாவு பொட்டலத்தைப் பிரித்துக் கம்பி இடுக்கு வழியாக ஒன்றை அந்தக் கைகளில் வைத்தார். சுகு அதை மென்றுகொண்டே வண்டியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

"வீட்டுக்குத்தானே?"

"நாளைக்குடா," என்றாள் சீதா. "நாளைக்கு இன்னொரு தடவ வரணும்."

"நாளைக்கு என்ன சொல்லணும்?"

அய்யாவு மகளைப் பார்த்தார். இனிமேல் நீ சொல்லிக் கொடு என்று அந்தப் பார்வை கெஞ்சியது. சீதா கம்பியருகே போனாள். கோபம் முழுவதையும் விழுங்கிக்கொண்டு, சின்னச் சின்னச் சொல்லாகச் சொன்னாள்.

"யா துவானும் வேணாம், தீடாக்கும் வேணாம். அன்னிக்கு என்ன நடந்துச்சோ, அதச் சொல்லு. போதும்."

சுகு மெல்லுவதை நிறுத்தினான். அக்கா இன்னும் முடிக்கவில்லை என்று நினைத்தவன்போலக் காத்திருந்தான்.

"சரிக்கா. அதுக்கு என்ன வார்த்தை?"

சீதா வாயைத் திறப்பதற்குள் காவலர் அவன் தோளைத் தொட்டு, வண்டியில் ஏறு என்று மலாயில் சொன்னார்.

"யா, துவான்," என்றான் சுகு. இரண்டு கைகளையும் அவரிடம் நீட்டினான்.